நைட்டிமேல் துண்டு போட்டவர் மேயர் ஆகக் கூடாதா?

நேற்று ராத்திரி குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் படத்தை இங்கே மறுபடி போடப்போவதில்லை. எங்கள் தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் இருபது வருடமாக அலைகிற அக்கா, நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, குனிந்து, மழைநீர் வடிகால் மூடியைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருக்கும் படம். அதை எடுத்ததே நான்தான், ஒரு மழைக்காலத்தில், எங்கள் தெருமுனையில். நல்ல எண்ணத்தில்தான் குழுவில் போட்டேன். அந்தப் படத்தை எடுத்து, அவர் தோளில் சிவப்பு அங்கியை ஒட்டி, கழுத்தில் சங்கிலியை மாட்டி, "மேயரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று எழுதிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அதற்கு நாற்பதுக்கும் மேல் சிரிப்பு முகம். உட்கார்ந்து எண்ணினேன். அதில் எட்டுப் பேர் அவரிடம் உதவி வாங்கியவர்கள், அதையும் எண்ணினேன்.

அக்கா அப்படி என்ன சொல்லிவிட்டார்? அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் மறுபடியும் சுயேச்சையாக நிற்பேன், ஜெயித்தால் சென்னை மேயர் பதவிக்கும் பேர் கொடுப்பேன் என்றார். இவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. யாராவது பொறுமையாக விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் இதே குழுவில், 2025 நவம்பரில், நியூயார்க்கில் சோரான் மம்தானி மேயராக ஜெயித்த அன்று என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையிலிருந்து பதிவுகள். 34 வயதுப் பையன், கம்பாலாவில் பிறந்தவன், வாடகையை ஏற்றவிடமாட்டேன், பஸ்ஸை இலவசமாக்குவேன் என்று சொல்லி, மாநில கவர்னராகவே இருந்த ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்துவிட்டான் என்று கொண்டாடினோம். டாக்சி ஓட்டுநர்கள் கடன் நெருக்கடியில் தவித்தபோது 2021இல் அவர்களோடு சேர்ந்து 15 நாள் பட்டினி கிடந்தார் என்று எழுதினோம். மன்ஹாட்டனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே கடந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தெருத்தெருவாக நடந்தால் நமக்குப் புல்லரிக்கிறது. நம் தெருவில் ஒருத்தர் இருபது வருடமாக நடந்தால் அங்கியை ஒட்டிக் கேலி செய்கிறோம். இதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"மம்தானியும் உங்க அக்காவும் ஒண்ணா" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ஒன்று இல்லைதான். அவர் ஏற்கெனவே சட்டமன்ற உறுப்பினர், பின்னால் அமைப்பு இருந்தது, ஏறக்குறைய ஒரு லட்சம் தொண்டர்கள். அக்காவிடம் இருப்பது 200 பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். எந்தெந்தக் கம்பத்தில் தெருவிளக்கு எரியவில்லை, மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு என்றைக்குப் போன் போட்டது, புகார் எண் என்ன, வந்து பார்த்தார்களா, எல்லாம் கம்ப நம்பரோடு எழுதி வைத்திருப்பார். சரி செய்தால் பக்கத்தில் ஒரு சின்ன டிக். சரி செய்யாவிட்டால் அடுத்த வாரத் தேதி போட்டு மறுபடி எழுதுவார். ஒரே கம்பத்துக்குப் பதினோரு தடவை எழுதியிருந்த பக்கத்தை நானே பார்த்தேன். பதினொன்றாவது வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது.

இதை விட்டு ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. என் மாமனாருக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றுபோய் உள்ளே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மருந்து கெட்டுப்போகுமே என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது, அக்கா மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் மீன்காரம்மாவின் தெர்மாகோல் பெட்டி, அதில் ஐஸ். ஐஸ்மேல் இரண்டு மடிப்பு துண்டு, அதற்கு மேல் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பேனாவால் வீட்டு நம்பர். நான்கு வீட்டு இன்சுலின் ஏற்கெனவே அதில் இருந்தது. "ஐஸ் நேரா படக் கூடாது, உறைஞ்சா மருந்து வீணாப்போயிடும், நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்றார். எங்களுடையதையும் வாங்கி நம்பர் எழுதி வைத்துக்கொண்டார். மூன்று நாளும் வேளைக்கு வேளை தண்ணீரில் நடந்து வந்து கொடுத்தார். எந்த வீட்டுக்கும் மாறிப் போகவில்லை.

நேற்று சிரிப்பு முகம் போட்டவர்களில் ஒருவருடைய வீட்டு நம்பரும் அந்த டப்பாக்களில் இருந்தது. பேர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நல்ல மனுஷிதான், சேவை செய்யட்டும், மேயர் ஆசை எதற்கு" என்று இதமாகச் சொல்கிறவர்கள் சிலர். இவர்கள் சிரித்தவர்களைவிட எனக்கு அதிகமாக வலிக்கவைத்தார்கள். சேவை செய்ய வேண்டும், அதிகாரம் மட்டும் கேட்கக் கூடாது. சாக்கடை மூடியைத் தூக்கலாம், அந்தச் சாக்கடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று பேசும் இடத்தில் உட்காரக் கூடாது. ஏன்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள். படிப்பா? கவுன்சிலராக நிற்பதற்குப் பட்டம் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பெண் என்பதா? மாநகராட்சி வார்டுகளில் பாதி பெண்களுக்குத்தான். வேறு எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் சிலர் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், எந்தச் சமூகம் என்று எல்லோருக்கும் தெரியும். 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. இந்தியாவிலேயே பழையது. அதில் ஒரு தலித் பெண் மேயர் நாற்காலியில் உட்கார 2022 வரை ஆனது, அதுவும் அந்தப் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு. பிரியா அவர்கள் 28 வயதில் அந்த அங்கியைப் போட்டுக்கொண்ட அன்று அக்கா டிவிமுன் அழுததை நான் பார்த்தேன். அந்த அங்கியைத்தான் நேற்று கேலிப்பொருளாக அவர் தோளில் ஒட்டினீர்கள்.

இன்னொரு கூட்டம் சட்டம் பேசுகிறது. "சென்னையில் மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், இதுகூடத் தெரியாமல் கிளம்பிட்டாங்க" என்று. அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் "ஜெயித்தால்" என்றார். ஆனால் இந்தக் கதையை நீங்கள் முழுதாகச் சொல்ல வேண்டும். 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது, 1996 வரை சென்னைக்கு மேயரே கிடையாது. 1996இல் நேரடித் தேர்தல், ஸ்டாலின் ஜெயித்தார். 2001லும் நேரடி. 2006இல் கவுன்சிலர்கள் வழியாக, அதாவது மறைமுகம். 2011இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி ஜெயித்தார். 2016இல் மறைமுகம் என்று சட்டம், அந்தத் தேர்தலே நீதிமன்றத்தில் ரத்தானது. 2018இல் நேரடி என்று திருத்தம். 2019 நவம்பரில் அவசரச் சட்டம், மறுபடி மறைமுகம். தேர்தலே நடக்காமல் இரண்டு முறை விதி மாறியது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை ஊருக்குக் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. அந்த ஐந்து வருடத்துக்கும் மேல் அக்காவின் நோட்டு மட்டும் நிற்கவில்லை.

மேயர் ஒரு கட்சி, மாமன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் வேலை நடக்காது, அதனால்தான் மறைமுகம் என்று விளக்கம் சொன்னார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மேயருக்கு மக்கள் நேராகத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கு மட்டும் அந்த வயது வரவில்லையா? 2022 பிப்ரவரி 19 அன்று நாம் ஓட்டுப் போட்டோம். மேயர் யார் என்று மார்ச் 3ஆம் தேதிதான் திமுக அறிவித்தது, மறுநாள் போட்டியின்றித் தேர்வு. நல்லவர் வந்தார், மகிழ்ச்சி. ஆனால் ஓட்டுப் போட்ட நாளில் யாரை மேயராக்குகிறோம் என்று நம்மில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த முறை நூற்றுக்கு 44 பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மேயருக்கு அதிகாரம் இல்லை, எல்லாம் ஆணையர் கையில் என்கிறீர்களா? அப்படியானால் அக்கா கேட்டதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

"சுயேச்சை ஜெயிக்கவே முடியாது" என்பதற்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. 2022இல் 200 வார்டில் அப்போதைய ஆளும் கட்சியான திமுக மட்டும் 153, சுயேச்சைகள் 5. அந்த ஐந்து பேரும் எப்படி ஜெயித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தந்தத் தெருவில் யாரோ, ஓட்டு வீணாகிவிடும் என்று பயப்படாமல் போட்டிருக்கிறார்கள்.

நான் போடவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். 2022இல் அக்கா நின்றபோது நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை, ஓட்டை வீணாக்குவானேன் என்று கட்சிச் சின்னத்தில் அழுத்திவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது அக்கா வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பாட்டிக்கு பூத் சிலிப்பில் பேர் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, டெபாசிட் போன அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த வருடம் எங்கள் வீட்டு இன்சுலினைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் வந்த அன்றைக்கும் கேட்கவில்லை.

அதனால் நேற்று சிரித்தவர்கள்மேல் எனக்கு வருகிற கோபம் முழுதும் அவர்கள்மேல் வருகிற கோபமா என்று எனக்கே நிச்சயமில்லை. நீங்கள் சிரிப்பு முகம் போட்டீர்கள். நான் நான்கு வருடத்துக்கு முன்னால் அதையே பட்டனில் அழுத்திவிட்டு வந்தேன். ஆனாலும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அவர் பொண்ணு காலேஜில் படிக்கிறாள், அவளுடைய தோழிகள்வரை போயிருக்கிறது. அந்தக் கேலியை அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் சுமந்துகொண்டு போக வேண்டுமா? குழு நிர்வாகியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "ஜாலிக்குத்தான்" என்று பதில் வந்தது. யாருக்கு ஜாலி?

அடுத்த தேர்தலுக்கு அறிவிப்பு வந்ததும் அக்காவின் வேட்புமனுவில் முன்மொழிபவராக என் கையெழுத்து இருக்கும். கீழே வந்து "கட்சிக்காரன் ஆயிட்டியா", "எவ்வளவு வாங்கின" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் அழிக்கப்போவதில்லை.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், படத்தை எடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன், கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். அந்தப் படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2022 ஓட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நீ போற வழிதானே, அந்தக் கோயில் முனையில ரெண்டு நாளா லைட் எரியல. கம்பத்துல நம்பர் பாத்து எனக்கு அனுப்பு" என்றார். பார்த்து அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.