இல்லாத பிரமிடுக்குக் கன அளவு கேட்கிறார்கள்

கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு கணக்கு. ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. அடிப்பக்கம் 10 செ.மீ உள்ள சதுரம், பக்க விளிம்பு ஒவ்வொன்றும் 7 செ.மீ, பிரமிடின் கன அளவு காண்க. அவ்வளவுதான் கேள்வி. சதுரத்தின் அரை மூலைவிட்டம் 5√2, அதன் வர்க்கம் 50. அடியின் மூலையிலிருந்து உச்சிக்குப் போகும் விளிம்பின் வர்க்கம் 49. பிதாகரஸ் போட்டால் உயரத்தின் வர்க்கம் மைனஸ் 1!

புத்தகத்தின் மேல் சந்தேகம் வரவே இல்லை. என் மேல்தான் வந்தது. படத்தை மறுபடி வரைந்தேன், மையத்தைத் தப்பாக எடுத்தேனோ என்று பார்த்தேன், நோட்டில் நாலு பக்கம் அடித்து அடித்து எழுதினேன். தேர்வு நெருங்கும் நேரத்தில் இவ்வளவு சின்னக் கணக்கு வரவில்லையே என்று வயிற்றைக் கலக்கியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். நடுவில் சதுரம், நாலு பக்கமும் 7, 7, 10 அளவில் முக்கோணம். முக்கோணம் நன்றாகவே வருகிறது, அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. நாலையும் சதுரத்தின் மேல் மடித்துப் படுக்க வைத்தேன். எதிரெதிர் நுனிகளுக்கு நடுவே 2 மி.மீ இடைவெளி! படுத்துக் கிடக்கும்போதே தொடாத நுனிகள் மேலே தூக்கினால் எங்கே போய்ச் சேரும்? நாலு முக்கோணத்தின் பரப்பையும் கூட்டினால் 98 கூட வரவில்லை, அடியின் பரப்பு 100.

சரி, விடைப்பக்கத்தில் 163.3 என்று எப்படி வந்தது? முக்கோணத்தின் உயரம், அதாவது சாயுயரம், √24. அதையே பிரமிடின் உயரமாக வைத்து 100ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் அச்சு அசலாக அதே எண். சாயுயரம் வேறு, செங்குத்து உயரம் வேறு என்று இதே பாடத்தின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் குழப்பினால் மதிப்பெண் போகும், அவர்கள் குழப்பினால் அது விடையா?

கணக்கை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உயரத்தைப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? அடி 8, விளிம்பு 9 என்று கொடுத்திருந்தால் உயரம் கச்சிதமாக 7 வந்திருக்கும். இரண்டு நிமிட வேலை அது.

பென்சிலால் ஓரத்தில் ‘இப்படி ஒரு பிரமிடு கிடையாது’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இந்தப் புத்தகம் அடுத்து யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்காக. அடுத்த கணக்கில் கூம்பு. ஆரத்தைவிடச் சாயுயரம் பெரிதாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். நான் உட்கார்ந்தது படிக்கவா, இவர்களுக்குப் பிழை திருத்தவா?