அறுக்காவிட்டால் அது கருத்தடை இல்லையா?

நேற்று குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். என் ஆண் நாய் மணிக்கு விதையை அறுத்து எடுக்காமல் கருத்தடை ஊசி போட்டதைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்குக் கீழே ஒருவர், விதைப்பை புண்ணாகி அழுகிய ஒரு நாயின் படத்தை ஒட்டினார். "இதுதான் நீங்க போட்ட ஊசியோட லட்சணம். அறுக்கத் துணிச்சல் இல்லாதவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்?" என்று கேட்டார். அதற்கு எழுபது லைக். ராத்திரி தூக்கம் வரவில்லை. பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது.

அண்ணா, அந்த ஊசி வேறு, நான் போட்ட ஊசி வேறு.

நீங்கள் காட்டியது விதைக்குள்ளேயே மருந்தை ஏற்றும் முறையில் வரக்கூடிய புண். அதற்கான துத்தநாக குளுக்கோனேட் மருந்து 2003இல் அமெரிக்காவில் நியூட்டர்சால் என்ற பெயரில் ஆண் நாய்க்குட்டிகளுக்கு அனுமதி பெற்றது, பிறகு ஜூடெரின் என்ற பெயரில் வந்தது. விதையின் அகலத்தை அளந்து, அதற்கேற்ற அளவு மருந்தை இரண்டு விதைகளிலும் மெதுவாக ஏற்ற வேண்டும். விந்து உண்டாகும் திசு கெட்டு, விதை சுருங்கிவிடும். நிரந்தரம்தான். பல நாய்களுக்குக் கொஞ்ச நாள் வீக்கத்தோடு சரியாகிவிடும். மருந்து வெளியே கசிந்தால் அந்தப் படத்தில் இருப்பது போல ஆகலாம். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் மணியின் விதைப் பக்கம் ஊசியே போகவில்லை.

மணிக்குப் போட்டது டெஸ்லோரெலின், சுப்ரலோரின் என்று விற்பது. அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளைக் குச்சி. மருத்துவர் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி, தடித்த ஊசியால் உள்ளே தள்ளினார். மணி ஒரு தடவை திரும்பி என் கையை நக்கினான். அவ்வளவுதான். அந்தக் குச்சியிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால் விடாமல் தூண்டப்பட்டு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒரு கட்டத்தில் பதில் சொல்வதை நிறுத்திவிடும். விதைக்குக் கட்டளை போகாது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், விந்து நிற்கும். 4.7 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ ஆறு மாதம், 9.4 என்றால் ஒரு வருடம்.

ஏன் அறுக்கவில்லை என்று கேட்டீர்களே. ஒரு தடவையாவது என்னிடம் கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம். மணிக்குப் பத்து வயது. இதய வால்வில் கசிவு. சிறுநீரில் ரத்தச் சொட்டு, மலம் கழிக்க முக்கி முக்கி நின்றுகொண்டே இருப்பான். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. விதை நீக்கினால் ஆண் ஹார்மோன் இறங்கி புராஸ்டேட் சுருங்கும், அதுதான் வழக்கமான வைத்தியம். ஆனால் மயக்க மருந்து தாங்குவானா? பிரிட்டனில் பெரிய அளவில் கணக்கெடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு ஆரோக்கியமான நாய்களில் ஏறத்தாழ இரண்டாயிரத்துக்கு ஒன்று. நோயுள்ள நாய்களில் 75க்கு ஒன்று. நல்ல உடம்புள்ள இளம் நாய் என்றால் நானே அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மணி அந்த 75 பேர் வரிசையில் நிற்பவன்.

அந்த வரிசையில் நான் ஏற்கெனவே ஒரு தடவை நின்றிருக்கிறேன். முன்பு நான் வளர்த்த நாய் கறுப்பனுக்குப் பல் எடுக்க மயக்கம் கொடுத்தார்கள். உள்ளே போகும்போது வாலை ஆட்டிக்கொண்டே போனான். அரை மணி நேரம் கழித்து அவன் கழுத்துப்பட்டையை மட்டும் என் கையில் கொடுத்தார்கள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் முயன்றதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. துணிச்சலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

"ஒரு வருஷம்தானே, அப்புறம்?" என்கிறார்கள். அப்புறம் மறுபடியும் போட வேண்டும். மறந்தால் ஹார்மோன் திரும்பிவிடும், நாயும் சினைப்படுத்தும். இது உண்மையான குறை, ஒத்துக்கொள்கிறேன். தெருவில் ஆயிரக்கணக்கில் திரியும் நாய்களுக்கு இது ஒத்துவராது என்பதும் சரி. நான் தெருநாய்களைப் பற்றிப் பேசவேயில்லையே? என் வீட்டு நாயைப் பற்றித்தானே எழுதினேன்? "ஹார்மோனை ஏற்றி இயற்கையைக் கெடுக்கிறீங்க" என்றும் ஒருவர் சொல்கிறார். விதையையே வெட்டி எடுப்பது மட்டும் இயற்கையா?

முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து முதலில் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். மணி கண்ட இடத்திலெல்லாம் காலைத் தூக்கினான், ரத்தச் சொட்டும் அதிகமானது. பயந்துபோய் மருத்துவரைத் தினம் தொந்தரவு செய்தேன். ஆறாவது வாரம் ஒரு காலையில் முக்காமல், சாதாரணமாகப் போய்விட்டு வந்தான். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். ஊசி போட்ட உடனே ஆண் நாய் மலடாகிவிடாது, இரண்டு மாதமாவது பெண் நாய் பக்கம் விடக்கூடாது என்று நேற்றே எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார்கள்.

அப்புறம் இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, கால்சியம் குளோரைடு என்ற உப்பை வாங்கி வீட்டிலேயே நாயின் விதைக்குள் ஏற்றலாமா என்று கேட்கிறார். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். குலதீப் ஜனா, சமந்தா என்ற ஆராய்ச்சியாளர்கள் 2007இல் தெருநாய்களில் அதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். ஆராய்ச்சியாளர் அளவு பார்த்து ஏற்றுவதும் நீங்கள் சமையலறையில் கலக்கி ஏற்றுவதும் ஒன்றா? அந்தப் படத்தில் இருக்கும் புண் அப்போதுதான் நிஜமாக உங்கள் வீட்டுக்கு வரும்.

அறுக்காத வழியைத் தேடுவது கோழைத்தனம் என்றால், 2008இல் அதைக் கண்டுபிடிப்பவருக்கு இரண்டரைக் கோடி டாலர் பரிசு அறிவித்த கேரி மைக்கல்சன் யார் தெரியுமா? முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். கத்தி பிடித்தவருக்கே கத்தி இல்லாத வழி வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தை என் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் அண்ணா. அது மணி இல்லை. இன்னொரு நாய் பட்ட வலி அது, என்னைத் திட்டுவதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மணிக்கு வருகிற பதினான்காம் தேதி அடுத்த ஊசி. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.