‘மற்றவை’ என்ற கட்டம்

ஒரு பல்கலைக்கழகம் ஆய்வாளர் தேடுகிறது. மருத்துவச் செலவை ஆராய்கிற சுகாதாரப் பொருளாதாரமும், மக்களின் நல்வாழ்வை அளக்கிற நலப் பொருளாதாரமும் கற்றவராக இருக்க வேண்டுமாம். ஆய்வுக் களம் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையாம். மூன்று நாட்களில் ஏழு பேர் அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பிவிட்டார்கள். “டீச்சர், உங்களுக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தார் ஒருவர். வயது வரம்பு என்ற வரியை அவர் படிக்கவில்லை. அந்த அன்புக்கு நன்றி.

நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. தங்கச்சிமடத்தில் பிறந்து, இப்போது கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறேன் என்பதால் வந்த கருத்து அல்ல அது. வேலை கிடைப்பதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள், குடும்பங்களின் மருத்துவச் செலவைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வுக்காக மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கேள்வித்தாளும் கையுமாக அலைந்திருக்கிறேன். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீடு பூட்டியிருந்தால் கூலி இல்லை.

விளம்பரம் என்ன கேட்கிறது? முனைவர் பட்டம், தரமான இதழ்களில் கட்டுரைகள், புள்ளியியல் மென்பொருளில் தேர்ச்சி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறன். தமிழ் தெரிய வேண்டுமா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வரியில், ‘களப்பணி அனுபவம் விரும்பத்தக்கது’. விரும்பத்தக்கதாம்! மீன் குழம்புக்கு உப்பு விரும்பத்தக்கது என்று எழுதிய சமையல் குறிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலம். பாசி எடுக்கப் போன பெண்கள் கரையேறியிருந்த நேரம். ஒரு மதினி வாசலில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுவது அது. சுற்றியும் கிழிந்திருந்தது. நான் படிவத்தைத் திறந்து வரிசைப்படி கேட்டேன்: கடந்த 15 நாட்களில் இந்த வீட்டில் யாருக்காவது உடல்நலக் குறைவு உண்டா?

“இல்லை” என்றார்.

அவருடைய இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. அது என்ன மதினி என்றேன். “அது காது. தண்ணீருக்குள் போகிறவளுக்குக் காது அப்படித்தான் இருக்கும். நீ நோயைத்தானே கேட்டாய்?”

அடுத்து வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஐந்து கேள்விகள். உலகம் முழுவதும் சுகாதாரப் பொருளாதாரக்காரர்கள் பயன்படுத்துகிற அளவுகோல்தான்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை. வழக்கமான வேலைகளைச் செய்வதில் சிரமம் உண்டா என்று கேட்டால் மதினி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “கடலுக்குப் போய்விட்டுத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறேன்?” சிரமம் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வலி? “எல்லாருக்கும் இருக்கிற வலிதான்.” அதற்கும் கிட்டத்தட்ட அதே டிக். படிவத்தின்படி அந்த மதினி என்னைவிட ஆரோக்கியமானவர்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைப் பற்றி எப்போதோ எச்சரித்திருக்கிறார். ஆயுள் அதிகமான கேரளத்தில்தான் மக்கள் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் குறைவாகச் சொல்கிறார்கள். மருத்துவம் எட்டாத இடத்தில் நோய் என்பது வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிடுகிறது, அதைத் தனியாகச் சொல்லத் தோன்றுவதில்லை. வகுப்பில் நான் இதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பஞ்சு அடைத்த காதைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது பாடமானது.

அன்றைக்கு அதே வீட்டில் கணவரின் இதய சிகிச்சைக் கணக்கும் எடுத்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தருகிற திட்டம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த அட்டை இல்லாவிட்டால் அந்த மனிதர் இன்று இல்லை. மதுரையில் அறுவை சிகிச்சை, கையிலிருந்து பணம் கட்டவில்லை. படிவத்தில் மருத்துவர் கட்டணம் பூஜ்ஜியம், படுக்கை பூஜ்ஜியம், பரிசோதனை பூஜ்ஜியம். ‘பயணம்’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே ‘மற்றவை’ என்று இன்னொன்று.

மதினி எண்ண ஆரம்பித்தார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். எத்தனை தடவை போய் வந்தது. கூட இருந்தவர்களுக்குச் சாப்பாடு. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் வெளியே எடுத்த அறை. துணைக்கு வந்த கொழுந்தன் இழந்த கடல் நாட்கள். மதினியே இழந்த பாசி நாட்கள். ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் வாங்குகிற மாத்திரை, கிட்டத்தட்ட பாதிக்கு மேல் வெளியே வாங்கியது. கடைசியாக, அடகுக்குப் போன தோடு, அதன் வட்டி. கட்டத்தில் இடம் போதாமல் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன். கூட்டினால் 41,000 ரூபாய்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி. “மற்றவை மட்டும் இவ்வளவு வருகிறதே, ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்துவிட்டதா?” இல்லை சார், பின்பக்கம் பாருங்கள் என்றேன். பின்பக்கத்தைக் கணினியில் ஏற்றுவதில்லை என்றார்கள். பிறகு தெரிந்தது: மிக அதிகமான மதிப்புகளையெல்லாம் ஒரே உச்சவரம்புக்கு வெட்டிவிட்டார்கள். புள்ளியியலில் அப்படிச் செய்வதுண்டு, குற்றம் இல்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஓர் ஆள் பஸ் ஏறி வந்து அந்த வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

அப்படி வரக்கூடிய ஆளைத்தான் எடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசியச் சுகாதாரக் கணக்கு சொல்கிறது. நல்ல செய்தி. ஆனால் துணைக்கு இருந்தவர் சாப்பிட்ட இட்லியும், கொழுந்தன் போகாத கடலும் அந்தக் கணக்கில் வராது. வரவும் முடியாது, அது வேறு வகைக் கணக்கு. அதை எடுப்பதற்குத்தானே இந்த ஆய்வாளர்?

இன்னொன்று, கடன். கேள்வித்தாளில் ‘சிகிச்சைக்குக் கடன் வாங்கினீர்களா, வட்டி எவ்வளவு’ என்று இருக்கும். நண்டு பிடிக்கிற குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள். “வியாபாரியிடம் முன்பணம் வாங்கினோம், வட்டி கிடையாது” என்பார்கள். பொய் இல்லை. வட்டியில்லாக் கடன் என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அன்று முதல் அந்த வீட்டு நண்டு முழுக்க அந்த வியாபாரிக்குத்தான். கரையில் மற்றவருக்குக் கிடைக்கிற விலையைவிடக் கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார். முன்பணம் தீரும்வரை எடுப்பார், பல வீடுகளில் அது தீருவதே இல்லை. வட்டி தராசில் இருக்கிறது. தராசைப் பார்க்கத் தெரியாதவர் எழுதுகிற அறிக்கையில், இந்தக் கரையில் வட்டியில்லாக் கடன் தாராளமாகக் கிடைக்கிறது என்று வரும். அதைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி மகிழ்ச்சி அடைவார்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்த முதல் சில வாரங்கள் வலை நிறையும். வடகிழக்குப் பருவத்தில் கடல் எப்போது விடும், எப்போது விடாது என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வேறு. மருத்துவச் செலவு குடும்பச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் தாங்க முடியாத செலவு என்று வகைப்படுத்துவது வழக்கம். சரி, எந்த மாதத்துக் குடும்பச் செலவு? மே மாதம் வந்து கேட்டால் ஒரு விடை, ஜூலையில் கேட்டால் வேறு விடை. நாங்கள் மே மாதம் போனோம். கல்லூரி விடுமுறை, மேற்பார்வையாளர்களுக்கு வசதி.

சிகிச்சையை நிறுத்திவிட்ட வீடுகளை இந்த அளவுகோல் பார்ப்பதே இல்லை. கைக்கு எட்டவில்லை என்று மாத்திரையை விட்டவருக்குச் செலவு பூஜ்ஜியம். செலவே இல்லாத பாக்கியசாலிகளோடு சேர்த்து எண்ணப்படுவார்.

ஆகவே நேர்காணல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் நியமனத்தில் கட்டுரைக்கு இவ்வளவு, பட்டத்துக்கு இவ்வளவு என்று போடுகிற மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். தேர்வு நேர்காணலை வைத்தே. கருத்தரங்க உரை நிகழ்த்தச் சொல்லிப் பார்க்கவும் இடம் உண்டு. ஆய்வாளர் பதவிக்கும் அதையே பின்பற்றினால் யார் தடுக்கப் போகிறார்கள்? குளிர்சாதன அறையில் வைத்துக் கேட்டால், நோயாளிக்குத் தெரிந்ததும் மருத்துவருக்குத் தெரிந்ததும் சமமில்லை என்ற, பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோவின் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை எல்லா விண்ணப்பதாரர்களும் ஒப்பிப்பார்கள். நானும் ஒப்பிப்பேன். நேர்காணலைப் பாம்பனில் வையுங்கள். கையில் ஒரு படிவம், ஒரு வீடு, ஒரு முற்பகல். திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: இந்தப் படிவத்தில் எந்தக் கேள்வியை மாற்றுவீர்கள்?

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டம் பற்றி நிறையப் பேசினோம். அந்தக் குடும்பங்கள் அவர்களை ஏன் அங்கே கொண்டுவந்து விட்டார்கள், வேறு இடத்துக்குப் போக எவ்வளவு செலவாகியிருக்கும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள யார் வேலையை விட்டிருக்க வேண்டும்? இதை ஒரு சுகாதாரப் பொருளாதாரக்காரர் எப்படி ஆராய்வார் என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

உள்ளூர்க்காரரைத்தான் எடுக்க வேண்டும் என்கிறாயா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர்களில் சிறந்தவர் ஒடிசாக்காரர். முதல் மாதம் ‘எவ்வளவு’, ‘ஏன்’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே கரையைச் சுற்றினார். ஆறாம் மாதம் ஏலத்தில் விலை கேட்டார். மோசமானவர் இதே பாம்பன் தீவில் பிறந்தவர், ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். தமிழ் தெரியாதவர் வரட்டும், ஓர் ஆண்டில் கற்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அதுவரை கூடவே அலைகிற உள்ளூர்ப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், கட்டுரையில் அவள் பெயரையும் போடுங்கள்.

ஒப்பந்தக் காலத்தை ஓர் ஆண்டு என்று போட்டிருப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். அனுமதிக் கடிதங்களுக்கே நான்கு மாதம் போய்விடும். குறைந்தது இரண்டு தடைக்காலங்களையும் இரண்டு மழைக்காலங்களையும் பார்க்காமல் இந்தக் கரையின் செலவைப் பற்றி எழுதக் கூடாது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபம் முகாமில் ஒரு மையம் உண்டு. இறங்குதளத்தில் ஆள் உட்கார்ந்து எந்தப் படகில் எந்த மீன் எவ்வளவு வந்தது என்று பல பத்தாண்டுகளாகக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் மத்திக்கும் நெத்திலிக்கும் நீண்ட வரலாறு எழுத்தில் உண்டு. பிடித்தவனின் வைத்தியச் செலவுக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம்.

என் பழைய மாணவி ஒருத்தி விண்ணப்பிக்கிறாள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இருக்கிறது, கட்டுரை இரண்டுதான். அம்மா கருவாடு போடுகிறவர். பள்ளி நாட்களிலிருந்து அந்தக் கணக்கு நோட்டை இவள்தான் எழுதுகிறாள்: உப்பு, சாக்கு, வாடகை வண்டி, அம்மாவுக்கு முதுகு பிடித்துப் படுத்த நாட்கள், அந்த நாட்களில் கெட்டுப்போன மீன், ஊசிக்குக் கொடுத்தது. பதினான்கு வருட நோட்டு. ‘அனுபவம்’ என்ற இடத்தில் இதை எழுதலாமா டீச்சர் என்று நேற்றிரவு கேட்டாள். அந்த இடத்தில் நிறுவனத்தின் பெயரும் சான்றிதழ் எண்ணும் கேட்கிறார்களாம். வேறு கட்டம் எதுவும் இல்லையா என்றேன். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கிறதாம், இரண்டே வரி.

அதில் எழுது, இடம் போதாவிட்டால் பின்பக்கமும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.