பேஸ் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இனி மேடை ஏற மாட்டோம்

சனிக்கிழமை புதுச்சேரி நிகழ்ச்சியில், நான் பேஸ் கிட்டார் வாசிக்கும் எங்கள் மெட்டல் (கனமான ராக் இசை) குழுவின் முறை வருவதற்குச் சற்று முன்பு, மேடையில் வைத்திருந்த பேஸ் ஆம்ப்ளிஃபயரை ஓரமாக இறக்கிவிட்டு, "டி.ஐ. பாக்ஸில் சொருகினால் போதும், பேஸ் யாருக்குக் கேட்கப் போகிறது?" என்று ஒலி அமைப்பாளர் சொன்னதை அங்கிருந்த பலரும் கேட்டீர்கள். (டி.ஐ. பாக்ஸ் என்பது கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராக அரங்கின் ஒலி அமைப்புக்கு அனுப்பும் சிறு பெட்டி.) அதற்குப் பிறகு அவருக்குப் பரிந்து எழுதியவற்றையும் படித்தேன்.

மெட்டல் குழு மேடையில் வாசிக்கும்போது பேஸ் கிட்டாருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அது அலங்காரப் பொருள் அல்ல. நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரமான ஈயின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் கீழ் பி 31 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலி மனிதக் காதில் எளிதாக ஏறாது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப்ளிஃபயர் 300 வாட் திறனோடும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டிகளோடும் வந்ததற்குக் காரணம் அதுதான். மெட்டலில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டார்கள் நடு அதிர்வெண்களை அடைத்துக்கொள்வதால், பேஸ் தன் உறுமலால்தான் அவற்றுக்கிடையே வழி கண்டுபிடிக்க வேண்டும். மோட்டர்ஹெட் குழுவில் பேஸ் வாசித்த லெம்மி தன் ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் உறுமவிட்டதை ஒருமுறை கேட்டவர்களுக்கு இது விளங்கும். டி.ஐ. வழியாக நேராகப் போகும் வெறும் தந்தி ஒலியில் அந்த உறுமல் கிடையாது.

எனக்கு பேஸ் கற்றுக்கொடுத்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த ஒரு மாமா. கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு வாசித்தவர். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளை ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார். எந்த ஊர்க் கச்சேரிக்கும் தன் ஆம்ப்ளிஃபயரைத் தானே தூக்கிக்கொண்டு போவார். "தம்பி, டிரம்ஸ்காரனுக்கு உன் சத்தம் கேக்கலைன்னா பாட்டு ரெண்டு துண்டாப் போயிடும்" என்பார். சனிக்கிழமை அப்படித்தான் ஆனது. பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைத்திருந்த ஒரே மானிட்டர் ஸ்பீக்கரில் எனக்கும் பங்கு என்றார்கள். டிரம்ஸ் வாசித்தவருக்கோ நான் வாசித்தது எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. வேகம் மாறும் இடங்களில் அவர் என் விரல்களைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்.

பெரிய குழுக்களே இப்போது ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசிக்கின்றன என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரின் காதிலும் தனி இன்-இயர் (காதுக்குள் பொருத்தும் சிறு மானிட்டர்) இருக்கிறது, அதைக் கவனிக்கத் தனியே ஒரு பொறியாளர் இருக்கிறார், ஆம்ப்ளிஃபயரின் ஒலியை உருவாக்கித் தரும் கருவி இருக்கிறது. அவற்றில் ஒன்றையும் தராமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் எடுத்துவிடுவதை நவீன முறை என்று எப்படிச் சொல்வது? மேடைச் சத்தம் அதிகமாகும் என்பது இன்னொரு வாதம். ஆனால் இரண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும் கடைசி வரை மேடையில்தான் இருந்தன.

எனக்கு வலிப்பது அந்த ஒரு வாக்கியம்தான்: யாருக்குக் கேட்கப் போகிறது. மெட்டாலிக்கா குழுவில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986இல் விபத்தில் இறந்த பிறகு, அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் 1988ஆம் ஆண்டு ஆல்பத்தில் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. ரசிகர்கள் இன்றுவரை அதைப் பேசி ஆதங்கப்படுகிறார்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேஸ் வாசிப்பவனைக் கிட்டார் வாசிக்க வராததால் பேஸுக்கு ஒதுங்கியவன் என்றே பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. இரவெல்லாம் பயிற்சி செய்துவிட்டு வந்தவனிடம் உன் ஒலி தேவையில்லை என்று மேடையில் வைத்துச் சொன்னால் அவன் என்ன செய்வான்? நிகழ்ச்சி முடிந்ததும் "அருமை, ஆனால் நீ வாசித்தது மட்டும் கேட்கவில்லை" என்று தோளில் தட்டிச் சென்றவர்களுக்கு என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை.

எங்களை இனி அழைப்பவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். டிரம்ஸுக்கு அருகே, ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டின் பக்கமாக, பேஸ் ஆம்ப்ளிஃபயர் நிற்கும். ஏற்பாட்டாளர்களிடம் இல்லையென்றால் நாங்களே கொண்டுவருகிறோம். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் தேதியைப் பற்றிப் பேசலாம்.