பாராலிம்பிக்கும் ஆன்டெனா வைத்த வீடுகளும்

பாராலிம்பிக் ஒளிபரப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மணி நேரக் கணக்கைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். இந்த நிறுவனம் இத்தனை நூறு மணி நேரம் காட்டியது, அந்த நிறுவனம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று அறிக்கைகள் வருகின்றன. நாமும் அவற்றைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோகிறோம். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மாதச் சந்தா எதுவும் கட்டாத, கூரையில் ஓர் ஆன்டெனா மட்டும் இருக்கிற வீட்டின் தொலைக்காட்சியில் என்ன வந்தது என்பதை வைத்துத்தான் ஓர் ஒளிபரப்பாளரை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு என்று வரும்போது இந்த அளவுகோல் இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. இந்த விளையாட்டைப் பார்க்க அதிக உரிமையும் ஆர்வமும் உள்ளவர்களில் பலர் ஓய்வூதியத்திலோ அரசு உதவித்தொகையிலோ வாழ்கிறவர்கள்; பொழுதுபோக்குக்கு என்று மாதாமாதம் தனியாகப் பணம் எடுத்து வைக்க அவர்களால் முடிவதில்லை.

இதை 2012-ஆம் ஆண்டு லண்டன் போட்டிகளை வைத்தே சொல்லலாம். அப்போது நாங்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒலிம்பிக் பூங்கா இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டும் ஈஸ்ட் ஹாமும் நியூஹாம் என்ற ஒரே நகராட்சியைச் சேர்ந்தவை. அந்தக் கோடையில் ஒலிம்பிக் போட்டிகளை பிபிசி காட்டியது. செயற்கைக்கோள் மற்றும் கேபிள் இணைப்பு உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் ஓடும் 24 தனி நேரலை ஓடைகளை (ஸ்ட்ரீம்) திறந்துவிட்டு, எந்த விளையாட்டையும் தவறவிடாமல் பார்க்கலாம் என்ற நிலையை அது உருவாக்கியது, விளம்பரமும் கிடையாது. அடுத்து வந்த பாராலிம்பிக் உரிமை பிபிசியிடம் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சேனல் 4 அதைத் தட்டிச் சென்றிருந்தது. சேனல் 4 அரசுக்குச் சொந்தமானது என்றாலும், பிபிசியைப் போல, தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது அல்ல. விளம்பர வருமானத்தில்தான் நடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் அந்த ஒளிபரப்பின் நிறைகளும் குறைகளும் கிளைத்தன.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை சிறியவை அல்ல. பல நாடுகளில் பாராலிம்பிக் என்றால் நள்ளிரவுத் தொகுப்பு என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், சேனல் 4 தன் பிரதான அலைவரிசையில் காலையிலிருந்து இரவு வரை அதற்கே இடம் கொடுத்தது. தொடக்க விழாவை உச்ச நேரத்தில் 1 கோடியே 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளிகளையே தொகுப்பாளர்களாகவும் செய்தியாளர்களாகவும் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்துத் திரையில் உட்காரவைத்தார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்ட வீரராக இருந்து பாராலிம்பிக் பதக்கம் வென்ற அடே அடெபிடான் அரங்கத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் வழக்கமாக வரும் இரக்கக் குரல் இல்லை. ஆட்டம் தெரிந்தவரின் குரல் இருந்தது. இரவில் நகைச்சுவைக் கலைஞர் ஆடம் ஹில்ஸ் நடத்திய ‘தி லாஸ்ட் லெக்’ நிகழ்ச்சியோ ஒருபடி மேலே போனது. செயற்கைக் காலுடன் இருக்கும் ஹில்ஸும் அலெக்ஸ் புரூக்கரும் உட்கார்ந்துகொண்டு, பார்வையாளர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் வாங்கிப் பதில் சொல்லிச் சிரித்தார்கள். பத்து நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது, போட்டிகள் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

என்னைப் பொறுத்தவரை அந்த ஒளிபரப்பின் மிகச் சிறந்த செயல், திரையின் ஓரத்தில் வந்த சிறிய மனித உருவங்கள்தான். பாராலிம்பிக்கைப் புதிதாகப் பார்க்கிறவரைத் திணறடிப்பது அதன் வகைப்பாடு, அதாவது குறைபாட்டின் தன்மையையும் அளவையும் வைத்து வீரர்களைப் பிரிக்கும் முறை. டி44, எஸ்6, டி54 என்று எழுத்தும் எண்ணுமாக வந்தால் யாருக்கு என்ன புரியும்? ஒரே நீச்சல் போட்டியில் கை குட்டையான ஒருவரும் கால் செயலிழந்த ஒருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நிற்பதைப் பார்த்து, இது நியாயமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. முன்னாள் பாராலிம்பிக் நீச்சல் வீரர் ஜைல்ஸ் லாங் உருவாக்கிய ‘லெக்ஸி’ என்ற முறை, உடலின் எந்தப் பகுதியில் எந்த அளவுக்குக் குறைபாடு என்பதை நிறங்களால் காட்டியது. பந்தயம் தொடங்கும் முன் சில நொடிகள் அந்தப் படம் வரும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ‘பாவம்’ என்று சொல்லவில்லை, ‘யார் முந்துவார்’ என்றுதான் பேசினோம். செப்டம்பர் 6 இரவு, ஜானி பீகாக் ஓடிய டி44 வகை 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு முன்பு அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் உதட்டில் விரலை வைத்து அமைதி காக்கச் சொன்னார். எண்பதாயிரம் பேர் அடங்கினார்கள். பிறகு 10.90 வினாடியில் தங்கம். அதைச் சந்தா கட்டாத வீடுகளும் நேரலையில் பார்த்தன என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். சேனல் 4 பிரதான அலைவரிசைக்கு வெளியே மூன்று கூடுதல் ஓடைகளை வைத்திருந்தது. அவை ஸ்கை, வெர்ஜின் மீடியா, ஃப்ரீசாட் ஆகிய செயற்கைக்கோள், கேபிள் தளங்களில் கிடைத்தன, இணையத்திலும் பார்க்கலாம். ஆன்டெனா வழியாக ஃப்ரீவியூ என்ற இலவசத் தரைவழிச் சேவையைப் பார்க்கும் வீடுகளுக்கு அவை இல்லை. தரைவழி ஒளிபரப்பில் அலைக்கற்றை இடம் குறைவு, அதிலே மூன்று அலைவரிசைகளைப் பத்து நாளுக்கு நுழைப்பது எளிதல்ல என்ற தொழில்நுட்பக் காரணம் உண்மைதான். பிபிசியும் ஒலிம்பிக்கின்போது அதே சிக்கலைச் சந்தித்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். மேல்மாடி வீட்டில் ஸ்கை வைத்திருந்தவர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். எங்கள் வீட்டிலோ அதே ஆட்டம் நடுவில் வந்து, நீச்சல் குளத்துக்குத் தாவி, விளம்பரத்துக்குப் போய், திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. ஃப்ரீசாட் பெட்டி வாங்கினால் சந்தா இல்லையே என்று சிலர் சொன்னார்கள். அதற்குச் சுவரில் டிஷ் மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மாநகராட்சிக் குடியிருப்புகளில் பலருக்கும் இதே கதைதான்.

விளம்பர இடைவேளைகளைப் பற்றி அப்போது நிறையப் புகார்கள் எழுந்தன, தொடக்க விழாவின் நடுவே விளம்பரம் வந்ததை யாராலும் பொறுக்க முடியவில்லை. நான் அந்தப் புகார்க் கூட்டத்தில் சேரவில்லை. விளம்பரம் இல்லாவிட்டால் அந்த அலைவரிசையால் உரிமையை வாங்கியே இருக்க முடியாது. என் வருத்தம் வேறு: கூடுதல் ஓடைகளில் விளம்பரத் தொல்லை இல்லை, அதாவது வசதியான தளத்தில் இருந்தவருக்குத் தொல்லை குறைவு, வசதியற்ற தளத்தில் இருந்தவருக்குத் தொல்லை முழுவதும். மாற்றுத்திறனாளிகளின் வேலைத்திறனைச் சோதித்து உதவித்தொகையை வெட்டுவதற்குக் காரணமாக இருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட அட்டோஸ் நிறுவனமே அந்தப் போட்டிகளின் ஆதரவாளர்களில் ஒன்றாக இருந்ததும், அதை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் லண்டன் தெருக்களில் போராடியதும் அதே வாரங்களில்தான். உதவித்தொகை போனவர் முதலில் நிறுத்துவது கேபிள் சந்தாவை.

இவ்வளவு சொன்னாலும் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் பிரிட்டன் பல படிகள் மேலே இருந்தது. உரிமை வைத்திருந்த என்பிசி அந்த ஆண்டு தொலைக்காட்சியில் நேரலையே காட்டவில்லை. மொத்தம் ஐந்தரை மணி நேரத் தொகுப்போடு முடித்துக்கொண்டது. பன்னாட்டு பாராலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் பிலிப் கிரேவன் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். அதே என்பிசி டோக்கியோ போட்டிகளுக்கு 1,200 மணி நேரம் என்று அறிவித்தது. அந்த மணி நேரங்களில் பெரும்பகுதி கேபிள் அலைவரிசைகளிலும் இணையத்திலும்தான் இருந்தது. மணி நேரக் கணக்கை நான் நம்பாததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2020-இல் பிரிட்டிஷ் அரசு பாராலிம்பிக் போட்டிகளைக் கட்டணமில்லா அலைவரிசைகளுக்கு முன்னுரிமை தர வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலில் சேர்த்தது. ஒலிம்பிக் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தது. பாராலிம்பிக் அதில் இடம்பெற, லண்டன் போட்டிகள் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆயின. பாரிஸ் 2024 போட்டிகளில் முதன்முறையாக 22 விளையாட்டுகளும் நேரலையாகப் படம்பிடிக்கப்பட்டன. அதற்கு முன்பு ஒளிபரப்பாளர் விரும்பினாலும் சில விளையாட்டுகளைக் காட்ட முடியாது, ஏனெனில் அந்த அரங்குகளில் நேரலைக் கேமராவே இல்லை. சேனல் 4 இப்போது தன் இணையத் தளத்திலும் யூடியூபிலும் ஓடைகளைக் கொட்டுகிறது. நல்ல வேகத்தில் இணையம் உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் தளம் மாறும்போது வசன வரிகளும், பார்வையற்றோருக்கான விளக்கக் குரலும் கூடவே வருகின்றனவா என்று யாராவது ஒவ்வொரு தளமாகச் சரிபார்க்க வேண்டும். பார்வையற்றோர் கால்பந்தில் பந்துக்குள் இருக்கும் மணியோசை கேட்பதற்காக அரங்கமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும். அந்த ஆட்டத்தை வீட்டிலிருக்கும் பார்வையற்ற ரசிகர் பின்தொடர முடியாமல் போனால் அந்த ஒளிபரப்பு யாருக்காக?

நம் ஊருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இந்தியாவில் 2007-இல் வந்த சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலையைத் தனியார் உரிமையாளர்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிரப்பட்ட நேரலையை தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியாகப் போகக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு கிரிக்கெட்டால் வந்தது. தீர்ப்பு எல்லா விளையாட்டையும் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பல கேபிளில் இருக்கும்போது, சட்டம் திறந்துவிட்ட கதவு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பாரிஸில் கையில் குறைபாடு உள்ள பெண்களுக்கான எஸ்யு5 வகைப் பாட்மின்டன் அரையிறுதியில் மோதியவர்கள் இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள்: காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்தின் மனிஷா ராமதாஸும். துளசிமதி வென்று வெள்ளி வரை போனார், மனிஷா வெண்கலம் வாங்கினார். ஒரு பாராலிம்பிக் அரையிறுதியில் இரண்டு தமிழ்ப் பெண்கள்! ஜியோசினிமா செயலியில் அது இலவசமாகக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் சேலத்தில் இருக்கும் என் பெரியம்மா திறன்பேசியில் ஆட்டம் பார்க்கிறவர் இல்லை. மாரியப்பன் தங்கவேலு அவர் மாவட்டத்துக்காரர் என்பதால் ரியோ தங்கத்துக்குப் பிறகு எல்லாப் போட்டியையும் கேட்டுக்கொண்டே இருப்பவர், கூடத்துப் பெட்டியில் எப்போது வரும் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகள் 2028 ஆகஸ்டில் நடக்கும். உரிமை யாரிடம் போனாலும், தமிழக வீரர்கள் களமிறங்கும் ஆட்டங்களையாவது டிடி தமிழ் அலைவரிசையில், தமிழ் வர்ணனையோடும் வகைப்பாட்டை விளக்கும் படங்களோடும், கேபிளில் வரும் விதத்தில் காட்ட வேண்டும் என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதலாம். போட்டி தொடங்கிய பிறகு எழுதும் மனுக்களால் எந்த ஆட்டமும் திரைக்கு வந்ததில்லை. நேரத்தையும் சாக்காகச் சொல்ல முடியாது: அங்கே மாலை ஆறு மணி என்றால் சேலத்தில் மறுநாள் காலை ஆறரை.