வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுக்க ஏன் பயம்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் பாடப்புத்தகம் தாண்டித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. ஒரு சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுத்தால்தான் பிள்ளைகள் கண்ணில் படும். அதற்கும் "காப்பிரைட் கேஸ் வரும்" என்று தயங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தயங்கவே வேண்டாம்.

1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் படியெடுப்பது மீறல் ஆகாது. கேள்வித்தாளில் ஒரு பத்தியைப் போடுவதும் அப்படித்தான். பத்து சதவீதம்தான் எடுக்கலாம் என்கிறார்களே, அந்தக் கணக்கு நம் சட்டத்தில் இல்லை. பாடப் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுத்த கடை மீது பதிப்பகங்கள் போட்ட டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பார்த்ததும் பக்க எண்ணிக்கையை அல்ல. பாடத்துக்கு அவ்வளவு தேவையா என்பதைத்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பதாலேயே அது தப்பாகிவிடாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறோம். மறுநாள் அது பத்துக் குரூப்புக்குப் போய்விடும். அதைப் பாடம் நடத்துவது என்று எப்படிச் சொல்ல முடியும்? தமிழ்ப் புத்தகம் சில நூறு படிகள் விற்பதே பெரிய பாடு. அந்த வயிற்றில் நாம் அடிக்கக் கூடாது. வேண்டிய பக்கங்களை மட்டும், வகுப்பில் உள்ள தலைக்கு ஒன்றாக, தாளில் கொடுங்கள்.

எல்லைப் பக்கத்தில் பலரும் கவனிக்காத ஒன்று மொழிபெயர்ப்பு. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924இல் மறைந்தார். அவர் கவிதைகளுக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் போன வருஷம் ஒருவர் அதைத் தமிழாக்கியிருந்தால் அந்தத் தமிழுக்கு உரிமை அவருடையது, அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் 1994இல் மறைந்தவர் என்பதால் மூலத்துக்கே 2054 முடியும் வரை உரிமை உண்டு. வகுப்பில் படிக்கக் கொடுக்க இது எதுவும் தடையில்லை. பள்ளி மலராக அச்சடித்து விற்கப் போனால் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடமும், மூலத்துக்கும் உரிமை இருந்தால் மூல ஆசிரியரிடமும், அவர்கள் இல்லையென்றால் வாரிசுகளிடமும், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய நாட்டுடைமை நூல்களுக்கு இந்தக் கவலையே இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுப் பதிப்பிலிருந்து எடுத்தால், பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் விட்டுவிட்டு மூலத்தை மட்டும் எடுங்கள்.

எதை எடுத்தாலும் தாளின் அடியில் நூல், எழுதியவர், மொழிபெயர்த்தவர், பதிப்பகம் நான்கையும் போடுங்கள். ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டு முதலில் காணாமல் போவது அந்த வரிதான். பேனாவால் எழுதிவிட்டுப் படியெடுங்கள்.