ரிசெப்ஷனில் கேட்டால் சொல்லுங்கள்

இங்கிலாந்தில் ஒரு ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக்கில், மனேஜராக இருக்கிறேன் என்று சொன்னதும் எங்கட ஆட்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அப்ப டொக்டரிட்டை கெதியா ஒரு அப்பொயின்ட்மென்ட் எடுத்துத் தருவீங்களோ, பிள்ளை?" கோயிலில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள், செத்தவீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

தரமாட்டேன். கோபித்தாலும் பரவாயில்லை.

முதலில், சர்ஜரி அரசாங்கக் கந்தோர் இல்லை. 1948இல் என்.எச்.எஸ். என்ற அரச மருத்துவ சேவை தொடங்கிய காலத்திலிருந்தே பெரும்பாலான ஜி.பி.கள் அரச ஊழியர்களல்ல, ஒப்பந்தக்காரர்கள். பதிந்திருக்கும் ஆளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று காசு வரும். வயதையும் நோயையும் பார்த்துக் கூட்டிக் குறைக்க ஒரு சூத்திரம் உண்டு. அடிப்படைத் தொகை 2025-26இல் சராசரியாக 120 பவுண்ட் அளவில் இருந்தது. நீங்கள் வருடத்தில் ஒருமுறை வந்தாலும் மாதத்தில் நாலுமுறை வந்தாலும் அதே காசுதான். வேறு சில கொடுப்பனவுகளும் உண்டு, ஆனால் சம்பளம், கரண்ட் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். 2025 ஏப்ரலில் ஊழியரின் சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் நஷனல் இன்சூரன்ஸ் 13.8 வீதத்திலிருந்து 15 ஆனபோது எங்களுக்கு விலக்கு இல்லை. வயதானவர்களுக்கான ஃப்ளூ ஊசியைப் பல மாதங்களுக்கு முன்பே நாங்கள்தான் ஓடர் பண்ணி வாங்க வேண்டும். போடப் போட அந்தக் காசு திரும்பி வரும். வருகிறோம் என்றவர்கள் வராவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி எங்கள் தலையில். அந்த ஊசி இருக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 பாகைக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதி வைக்கவும் வேண்டும்.

இருக்கும் டொக்டர் நேரம் அவ்வளவுதான். அதை யாருக்கு முதலில் கொடுப்பது? வருத்தத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், என்னைத் தெரியும் என்பதைப் பார்த்து அல்ல. உங்களுக்கு நான் ஒன்றை எடுத்துத் தந்தால், யாரையும் தெரியாத ஒரு ஆள் பின்னுக்குப் போவார்.

இங்கேதான் ரிசெப்ஷன் பிள்ளைகளின் கதை வருகிறது. "என்ன பிரச்சினை?" என்று அவர்கள் கேட்டதும் நம்மவர்களுக்குப் பொத்துக்கொண்டு வரும். "அதை நான் டொக்டருக்குச் சொல்லுறன், உமக்கேன்?" ஒரு காலை ஒரு ஐயா இப்படித்தான் போனில் ஏசினார். எங்கள் பிள்ளை பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, இரவிலிருந்து நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, இடக்கை விறைக்கிறது என்றார். அது ஜி.பி.க்குரிய விஷயமே இல்லை. உடனே அம்புலன்ஸுக்கு 999க்கு அடிக்கச் சொன்னாள். ஏச்சை வாங்கிக்கொண்டு அவள் போனை வைத்திருந்தால்?

ரகசியம் வெளியே போய்விடுமே என்கிறீர்கள். டொக்டருக்கிருக்கும் அதே ரகசியக் கடமை அவர்களுக்கும் உண்டு. மீறினால் வேலை போகும். தமிழ்ப்பிள்ளை இருந்தால் ஊரெல்லாம் கதை பரவும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. வாயால் சொல்லக் கூச்சமென்றால் ஒன்லைன் படிவத்தில் எழுதுங்கள். 2025 ஒக்டோபரிலிருந்து வேலைநாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை அது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. காரணத்தைச் சொன்னால் சிலவேளை டொக்டரே தேவைப்படாது. தொண்டை நோ, பிள்ளைகளுக்கு வரும் காது நோ, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு 2024இலிருந்து பார்மசியிலேயே பார்த்து, தேவையென்றால் அன்டிபயோடிக்கும் தருகிறார்கள்.

அப்புறம், விசா இல்லை, அட்ரஸ் கடிதம் இல்லை என்று ஜி.பி.யில் பதியாமல் இருக்கிறவர்களுக்கு: இங்கிலாந்தில் பதிவதற்கு இரண்டும் கட்டாயமில்லை. யாராவது கடிதம் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினால், மனேஜரோடு கதைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இங்கிலீஷ் வராதென்றால் அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள், இலவசம். தயவுசெய்து பத்து வயதுப் பேத்தியைக் கூட்டிவந்து அம்மம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடமும் இருக்கிறது.